பாக்கெட் சைஸ் யோவான் சுவிசேஷம்: ஒரு வருஷம் கையில வச்சிருந்துட்டு எழுதுறேன்

இயேசுவைப் பத்திச் சொல்ல ரொம்ப நாளா கைப்பிரதிதான், அதாவது துண்டுப் பிரசுரம்தான் கொடுத்துட்டிருந்தேன். வாங்குவாங்க, மடிச்சு வச்சுப்பாங்க, அதோட சரி. போன வருஷம்தான் பைபிள்ல இயேசுவோட வாழ்க்கையைச் சொல்ற யோவான் சுவிசேஷம் மட்டும் தனியா அச்சடிச்ச இந்தச் சின்னப் புத்தகத்துக்கு மாறினேன். உள்ளங்கை அளவு, சட்டைப் பாக்கெட்ல வச்சா வெளிய தெரியாது, ஆனா 21 அதிகாரமும் முழுசா இருக்கு.

எனக்கு முதல்ல பிடிச்சதே முன்னுரை இல்லாததுதான். அட்டையைத் திருப்பினா நேரா "ஆதியிலே வார்த்தை இருந்தது", அவ்ளோதான். வேற சில புத்தகங்கள்ல ஆண்டவரைப் பத்தி ஒரு வரி வர்றதுக்கு முன்னாடியே பத்து பக்கம் புத்திமதி இருக்கும், அதுலயே பாதிப் பேர் மூடி வச்சிடுவாங்க. முதல் அதிகாரத்துல யோவான் ஸ்நானகன் (இயேசு வர்றார்னு முன்கூட்டியே அறிவிச்சவர்) என்ன பண்றார் பாருங்க, இயேசுவைப் பார்த்து "இதோ, தேவ ஆட்டுக்குட்டி"ன்னு கை காட்டுறார், கூட இருந்த ரெண்டு சீஷரும் அவரை விட்டுட்டு இயேசு பின்னாடி போயிடுறாங்க, இவர் தடுக்கவே இல்ல. இயேசுவோட சீஷன் பிலிப்பும், இயேசுவை நம்பாம கேள்வி கேட்ட நாத்தான்வேல்கிட்ட வாதாடல, "வந்து பார்"னு சொல்லிட்டு விட்டுட்டார். சாட்சின்னா இதான்னு எனக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் உறைச்சுது, அதுவரைக்கும் நானே எல்லாத்தையும் பேசிப் புரிய வைக்கணும்னு தவிச்சிட்டிருந்தேன்.

ஆபீஸ்ல பக்கத்து சீட்ல ஒரு அக்கா. அவங்க அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ ராத்திரி துணைக்குப் போயிருந்தேன், வராண்டா பெஞ்சுல உக்காந்து இதைப் படிச்சிட்டிருந்தேன். என்னதுன்னு கேட்டாங்க, வச்சுக்கோங்கக்கான்னு கொடுத்துட்டேன், வேற ஒண்ணும் பேசல. ரெண்டு வாரம் கழிச்சு அவங்களே வந்து, "செத்துப் போன லாசருவை உயிரோட எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும்ல, அப்புறம் ஏன் அழுதாரு?"ன்னாங்க. 11ம் அதிகாரம் 35, "இயேசு கண்ணீர் விட்டார்". எத்தனை வருஷமா படிக்கிற வசனம், எனக்குச் சட்டுனு பதில் வரல. வாங்கக்கா திரும்பப் படிப்போம்னு லாசருவோட சகோதரி மரியாள் அழுறதுல இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம். அந்த 35ம் வசனத்துல இருந்து அவங்க ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்ல.

குறையும் சொல்லணும். இதுல இருக்கிறது பழைய மொழிபெயர்ப்பு, எனக்கு அந்த நடை உயிர், ஆனா சபைப் பக்கமே வராதவங்களுக்கு நித்தியஜீவன், பரிசேயர், பஸ்கா எல்லாம் புதுசு. கடைசில அர்த்தம் போட்டிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா பத்துப் பதினஞ்சு வார்த்தைதான், பத்தாது. பின் அடிச்ச பைண்டிங், நாலு பேர் கை மாறினா நடுப்பக்கம் கழண்டுடுது.

அதைவிடப் பெரிய குறை கடைசிப் பக்கம். பேரு, அட்ரஸ், போன் நம்பர் எழுதி அனுப்பச் சொல்லி ஒரு ஃபார்ம். 21 அதிகாரம் ஆண்டவரைக் காட்டிட்டு, கடைசில அவங்களை நம்ம லிஸ்ட்ல சேர்க்கிற மாதிரி ஆயிடுது, படிக்கிறவங்களும் இதுக்குத்தான் கொடுத்தாங்களான்னு நினைச்சிடுவாங்க. நான் அந்தப் பக்கத்தைக் கத்தரிச்சிட்டுத்தான் கொடுக்குறேன். "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்"னு இயேசுவைப் பத்தி யோவான் ஸ்நானகன் சொன்னது அதே புத்தகத்துல மூணாவது அதிகாரத்துலயே இருக்கே, அச்சடிக்கிறவங்க தயவுசெஞ்சு யோசிங்க.

மத்தபடி தாராளமா வாங்கலாம், ஆனா கட்டுக்கட்டா வேணாம். ரெண்டு மூணு வாங்கி முதல்ல நீங்க படிங்க, அப்புறம் யார்கூட நிஜமாவே பழகுறீங்களோ அவங்களுக்குக் கொடுங்க.

எழுத்து மட்டும் ரொம்பப் பொடிசு. அந்த அக்கா இப்ப அவங்க அப்பாவுக்கு ஒண்ணு கேக்குறாங்க, அவரால இதைப் படிக்க முடியல, கொஞ்சம் பெரிய எழுத்துல இதே மாதிரி தனிப் புத்தகமா எங்கயாவது பாத்திருந்தா சொல்லுங்க.