தமிழ்ப் பிடிஎஃப் கையேட்டில் ⌀, ±, ₹ கட்டமாகாமல் இருக்க எந்த எழுத்துரு?

சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இயந்திரம் செய்து தருபவரின் இயக்கக் கையேட்டில், ஒரே பக்கத்தில் தமிழோடு விட்டத்தைச் சொல்லும் ‘⌀ 60 ± 0.05 மி.மீ. ஷாஃப்ட்’, ‘≤ 70°’, உதிரிபாகத்தின் ₹ விலை எல்லாம் வந்து நிற்கும். திரையில் சரியாக இருந்தவற்றில் ஓரிரண்டு, பிடிஎஃப் ஆனதும் வெறும் கட்டமாகிவிடும். எழுத்துருவில் இல்லாத குறியை வேறொன்றிலிருந்து கடன் வாங்கித்தான் திரை காட்டுகிறது. பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள் எல்லாமே அப்படிக் கடன் வாங்குவதில்லை.

பாமினி எழுத்துருவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை அது. அச்சில் அழகாக வரும்; ஆனால் பிடிஎஃப்பில் ‘பெல்ட்’ என்று தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். கையேட்டைக் கைபேசியில் தேடிப் படிக்கும் ஆபரேட்டருக்கு அதனால் பயனில்லை. விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதாவின் 2010க்கு முந்தைய பதிப்புகளில் ₹ இருக்க வழியே இல்லை. அந்தக் குறியே அந்த ஆண்டில்தான் வந்தது.

உண்மையான போட்டி நிர்மலா யுஐக்கும் நோட்டோ சான்ஸ் தமிழுக்கும்தான்.

நிர்மலா, விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. வேர்டில் அடித்து வேர்டிலேயே பிடிஎஃப் ஆக்குபவருக்கு இது போதும். ⌀, ✓ போன்றவற்றை மட்டும் செகோ யுஐ சிம்பல் என்ற எழுத்துருவில் வையுங்கள். சேமிக்கும்போது ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே பிடிஎஃப்/ஏ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருக்கள் கோப்புக்குள் பதிந்துவிடும். ஆனால் மூலக்கோப்பை அச்சகத்தின் மேக் அல்லது லினக்ஸ் கணினிக்குக் கொடுத்தால் சிக்கல். நிர்மலா விண்டோஸோடு வரும் எழுத்துரு, கூடவே நகலெடுத்துக் கொடுக்க உரிமம் இடம் தராது.

கோப்பு கைமாறும் வேலைக்கு நோட்டோ சான்ஸ் தமிழும் டெஜாவு சான்ஸும் சேர்ந்த ஜோடியே மேல். இரண்டையும் தாராளமாகப் பகிரலாம். டெஜாவுவில் தமிழ் இல்லை. ⌀, ≤, →, ✓ எல்லாம் இருக்கின்றன. ₹ நோட்டோவிலேயே உண்டு.

வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் பலரும் இடறுவது இங்கேதான். தமிழுக்கு ஒரு எழுத்துரு, மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று என்று அது தனித்தனியாக வைத்திருக்கிறது. ± போன்ற குறி தமிழ்ச் சொல்லை அடுத்து வந்தால், அதையும் தமிழ் எழுத்துருவிலேயே தேடும். ஆகவே ‘குறி’ என்று ஓர் எழுத்துப் பாணி உருவாக்கி, இரண்டு இடத்திலும் டெஜாவு சான்ஸ் கொடுங்கள். பிறகு தேடல் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை இயக்கி [⌀±≤≥→✓] என்று தேடி, எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து அந்தப் பாணியைப் போடலாம். டெஜாவு அகலமானது, தமிழ் 11 புள்ளி என்றால் குறிக்கு 10 வையுங்கள். வரி இடைவெளியை நிலையாக்காவிட்டால் குறி உள்ள வரி மட்டும் தள்ளி நிற்கும்.

விட்டத்துக்குப் பலர் போடுவது டேனிஷ் மொழியின் குறுக்குக் கோடிட்ட ஓ எழுத்து. சரியான விட்டக் குறியின் யூனிகோட் எண் 2300. இரண்டும் கலந்தால் தேடலில் பாதிதான் சிக்கும்.

ஏற்காட்டுப் பக்கம் பழைய நில ஆவணங்களைப் படியெடுப்பவர்களுக்கு மேற்சொன்ன எதுவும் போதாது. மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019இல் யூனிகோட் 12இல்தான் சேர்ந்தன. அவற்றுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் வேண்டும்.

அனுப்புமுன் அக்ரோபாட் ரீடரில் ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘ஃபாண்ட்ஸ்’ திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘எம்பெடட்’ இருக்கிறதா பாருங்கள். ‘கொள்ளளவு’ என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கொம்பும் காலும் பிரிந்து இடம் மாறினால், வேறு மென்பொருளில் பிடிஎஃப்பை மறுபடி ஆக்க வேண்டும்.