சோமாலிலாந்து, டிரான்ஸ்னிஸ்ட்ரியா, அப்காசியா: நினைவு நோட்டுகளில் எதை வாங்கலாம்?

ஐ.நா.வில் இடம் இல்லை. ஆனால் சொந்த வங்கி இருக்கிறது, அதன் பெயரில் நோட்டு வருகிறது, ஆண்டுவிழா வந்தால் நினைவு நோட்டும் வருகிறது. இப்படிப்பட்ட நிலங்களின் தாள்களைச் சேர்க்க வருபவர்கள் முதலில் "எது அரிது?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நினைவு வாசகம் தாளின் வடிவமைப்போடு சேர்ந்து அச்சானதா, சாதாரண நோட்டின் மேல் பிற்பாடு ஏற்றிய மேலச்சா? போலிக்கு வாய்ப்பு, வாங்கும் விலை, திரும்ப விற்கும்போது எழும் சந்தேகம் எல்லாம் இதைப் பொறுத்தே அமையும்.

சோமாலிலாந்து

சோமாலியாவிலிருந்து பிரிந்து 1991 மே 18 அன்று தனி நாடாக அறிவித்துக்கொண்டது. 1994 அக்டோபரில் சொந்த ஷில்லிங் வந்தது. அப்போது 100 சோமாலி ஷில்லிங்குக்கு ஒரு சோமாலிலாந்து ஷில்லிங் என்று மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்தாம் ஆண்டுவிழாவுக்குப் புதுத் தாள் அடிக்கவில்லை. கையில் இருந்த நோட்டுகளிலேயே "18 மே 1996" தேதியோடு மேலச்சு ஏற்றினார்கள். வெண்கல நிறத்தில் ஒரு வரிசை, வெள்ளி நிறத்தில் இன்னொன்று.

சேகரிப்பவருக்கு இது கொண்டாட்டம். போலி செய்பவருக்கும் அப்படித்தான். குடு மானும் ஒட்டக வரிசையும் உள்ள 5 ஷில்லிங் அடித்தாள் (மேலச்சு ஏறாத சாதாரண நோட்டு) கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. தலைநகர் ஹர்கேய்சாவில் பணம் மாற்றுபவர்கள் தெருவோரத்தில் நோட்டை மதில் மாதிரி அடுக்கி வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அசல் தாள், அசல் வாட்டர்மார்க், அசல் வரிசை எண். பொய்யாக இருக்கக்கூடியது மேலச்சு மட்டும்தான். அதனால் வாட்டர்மார்க்கைக் காட்டி "ஒரிஜினல்" என்று சொல்லும் விற்பனையாளர் எதையும் நிரூபிக்கவில்லை.

நோட்டில் அச்சான ஆண்டை முதலில் பாருங்கள். 500 ஷில்லிங் போன்ற பெரிய மதிப்புகள் பிந்தைய ஆண்டுகளிலும் மறுபடி மறுபடி அச்சாகியுள்ளன. அடித்தாளின் ஆண்டு 1996ஐத் தாண்டினால் பேச்சு அங்கேயே முடிந்தது. 1996 விழாவுக்கு 1999 தாள் எங்கிருந்து வரும்?

டிரான்ஸ்னிஸ்ட்ரியா

மேலச்சில் அனுபவம் வாய்ந்த வங்கி இது. மால்டோவாவிலிருந்து 1990 செப்டம்பர் 2 அன்று பிரிந்ததாக அறிவித்துக்கொண்ட இந்தப் பகுதியில், 1994இல் பழைய சோவியத் நோட்டுகளின் மேல் ரஷ்யத் தளபதி சுவோரவின் படமுள்ள ஸ்டாம்பு ஒட்டியே பணம் புழங்கியது. பிறகு விலைவாசி எகிற, 1994 வரிசையின் 5 ரூபிள் தாளில் மேலச்சு போட்டு 50,000 ரூபிள் ஆக்கினார்கள். 2001இல் பத்து லட்சம் பழைய ரூபிளை ஒரு புதிய ரூபிளாகச் சுருக்கினார்கள்.

ஆகவே இங்கே ஆண்டுவிழாவுக்கு மேலச்சு வருவது பழைய வழக்கத்தின் தொடர்ச்சி. 2007 வரிசைத் தாள்களில் மேலச்சு ஏற்றியவை, 2015இல் குடியரசின் 25ஆம் ஆண்டுக்கு வந்தது போன்றவை, வங்கியே ஃபோல்டரில் போட்டு விற்பவை. 1, 5, 10, 25 ரூபிள் நான்கிலும் சுவோரவ்தான். 50இல் உக்ரைன் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ, 100இல் மால்டேவிய இளவரசர் திமித்ரி கான்டெமிர்.

டாலருக்கு ஏறத்தாழ 16 ரூபிள் என்ற கணக்கில் ஒரு ரூபிள் தாளின் முகமதிப்பு சில சென்ட்தான். நீங்கள் கொடுக்கும் விலையில் மீதி முழுவதும் மேலச்சுக்கும் ஃபோல்டருக்கும் போகிறது. ஃபோல்டர் இல்லாமல் தனித் தாளாக வந்தால் பாதி விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கணக்கு. சோமாலிலாந்தைவிட இதை நம்பலாம் என்பதற்குக் காரணம், தலைநகர் திராஸ்போலில் உள்ள வங்கி தன் வெளியீடுகளைத் தானே அறிவிக்கிறது. அந்த அறிவிப்பில் உள்ள படத்தோடு கையிலுள்ளதை ஒப்பிட முடிகிறது. 2014இல் வந்த பிளாஸ்டிக் காசுகளை (வட்டம், சதுரம், ஐங்கோணம், அறுகோணம்) இதே செட்டில் சேர்த்து விலை ஏற்றுவார்கள். அவை தனியாக மலிவாகவே கிடைக்கும்.

அப்காசியா

ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த இந்தப் பகுதியில் அன்றாடப் புழக்கம் ரஷ்ய ரூபிள்தான். அப்சார் என்ற சொந்தப் பணம் 2008 முதல் வெள்ளி, தங்க நினைவுக் காசுகளாகவே வந்துகொண்டிருந்தது. 2018இல், ஜார்ஜியாவுடன் நடந்த போரில் 1993இல் கிடைத்த வெற்றியின் 25ஆம் ஆண்டுக்கு, முதல் தலைவர் விளாதிஸ்லாவ் ஆர்ட்சின்பா படத்தோடு 500 அப்சார் நோட்டு வந்தது. ஒரு அப்சார் 10 ரஷ்ய ரூபிள் என்பதால் முகமதிப்பே 5,000 ரூபிள். மலிவாக மாட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் இங்கே நினைவு என்பது தாளின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. போலி செய்ய வேண்டுமானால் முழு நோட்டையும் செய்ய வேண்டும், அதை வாட்டர்மார்க்கும் புற ஊதா விளக்கும் பிடித்துவிடும்.

வாங்கும் வழிதான் தலைவலி. 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் சேவைகள் நின்றதால் அங்குள்ள விற்பனையாளருக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது கடினம். ஐரோப்பிய விற்பனையாளரிடம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதே நிம்மதி.

அசர்பைஜானிலிருந்து பிரிந்திருந்த நாகோர்னோ-கராபாக்கின் 2004 தேதியிட்ட 2, 10 திராம் தாள்களையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அங்கே புழங்கியது ஆர்மேனிய திராம். இவை சேகரிப்பாளர்களை நம்பி அடிக்கப்பட்டவை. அந்தக் குடியரசே 2024 ஜனவரி 1 முதல் இல்லை என்பதைச் சொல்லி விலை கேட்பார்கள். ஒரு ஜோடி போதும், அதையும் பேரம் பேசியே வாங்குங்கள்.

மேலச்சைச் சோதிப்பது

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், ஸ்கேல், இவை மூன்றும் வேண்டும்.

லென்ஸில் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் இங்க்ஜெட். எழுத்தைச் சுற்றி மினுங்கும் கறுந்துகள் சிதறியிருந்தால் லேசர். ரம்பப் பல் போன்ற விளிம்பும் தடித்த மைப்படலமும் இருந்தால் ஸ்கிரீன் பிரிண்டிங். வெண்கல, வெள்ளி மேலச்சைச் சாய்த்துப் பார்க்கும்போது உலோக மினுமினுப்பு மெல்ல நகர வேண்டும். கண்ணாடி போல் பளீரென்று அடித்தால் கல்யாணப் பத்திரிகைக்கு ஒட்டும் ஃபாயில் என்று சந்தேகப்படலாம்.

மடிப்பு விழுந்த நோட்டு கையில் கிடைத்தால் அது இன்னும் நல்ல சாட்சி. மேலச்சு புதுத் தாளில் ஏற்றப்பட்டது. நோட்டு அதற்குப் பிறகே மடிந்திருக்க வேண்டும். அப்படியானால் மடிப்புக் கோட்டில் மை விரிசல் விட்டு, அடியில் வெறும் நார் தெரியும். மாறாக, பிளந்த நாருக்குள் மை இறங்கியிருந்தால் பழைய நோட்டில் பின்னாளில் அச்சடித்திருக்கிறார்கள்.

மேலச்சின் இடத்தை அளக்கும்போது தாளின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள். வெட்டு ஒவ்வொரு தாளிலும் கொஞ்சம் விலகும். அச்சுச் சட்டகத்தின் கோட்டிலிருந்து அளந்து, தரச்சான்று பெற்ற நோட்டின் படத்தோடு ஒப்பிடுங்கள்.

தரச்சான்று நிறுவனங்கள் 70 புள்ளி அளவில் மதிப்பிடுகின்றன. 60 முதல் மேலே புழங்காத தாள். ஒரு ரூபிள் நோட்டை அனுப்பினால் கட்டணம் நோட்டின் விலையைத் தாண்டிவிடும். 500 அப்சாருக்கும் சோமாலிலாந்தின் பெரிய மதிப்பு மேலச்சுகளுக்கும் மட்டும் செய்யலாம்.

ஒரே ஒரு தாள் வாங்கப் பணம் இருந்தால் அப்காசியா. வரிசையாகச் சேர்க்க வேண்டுமானால் டிரான்ஸ்னிஸ்ட்ரியா. சோமாலிலாந்து மேலச்சை, திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுத்தில் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள், அதுவும் நோட்டின் இருபுறமும் உயர் தெளிவு ஸ்கேன் வந்த பிறகு. உலோக மை இருப்பதால் இந்தத் தாள்களை பிவிசி உறையில் வைக்கவே கூடாது. உறையிலிருந்து கசியும் மென்மையாக்கி எழுத்தைப் பிசுபிசுக்க வைத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடும். பாலியெஸ்டர் உறையில், ஒரு உறைக்கு ஒரு நோட்டாக, நிமிர்த்தி வையுங்கள்.