புலி வேட்டையைத் தடுக்க: ரோந்தா, உளவுத் தகவலா?

ரோந்து இல்லாமல் காடு பிழைக்காது. கண்ணிகளை அகற்றுவதும், துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஓடுவதும், குறைந்த சம்பளத்தில் இரவெல்லாம் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள்தான். ஆனால் அவர்களின் எல்லை காட்டின் ஓரத்தோடு முடிகிறது. தோலை வாங்குபவன் எங்கோ ஒரு நகரத்தில் இருக்கிறான்.

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்திலும் காவலர்கள் இருந்தார்கள். இருந்தும் 2004-05இல் அங்கே ஒரு புலிகூட மிஞ்சவில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் வந்தது. வனத்துறை, காவல்துறை, சுங்கத்துறை என்று சிதறிக் கிடக்கும் தகவல்களை ஓரிடத்தில் சேர்ப்பது அதன் முக்கிய வேலை.

சரி, காவல்துறை எதற்கு? செல்போன் அழைப்பு விவரங்களுக்கு வனத்துறை பெரும்பாலும் போலீஸையே நம்பியிருக்கிறது. மறுபக்கம், போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, உதவி வனப் பாதுகாவலரோ அவருக்கு மேற்பட்டவரோ குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதியும் சாட்சியம் செல்லும். ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கிறது.

உளவு வழியிலும் ஆபத்து உண்டு. துப்பு கொடுத்த கிராமத்துக்காரர் பெயர் கசிந்தால் அவர் உயிருக்கே உலை. அப்புறம் அந்த ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த ரகசியத்தைச் சரியாகக் காக்க முடியுமென்றால், கூடுதலாகப் பணம் கிடைத்தால் அதை உளவுக்கே ஒதுக்கச் சொல்வேன். ரோந்துக்காரர் சம்பளத்தில் கை வைக்காமல்.