கல்லீரலைக் காக்கப் பூண்டா, மருந்தா?

பாராசிட்டமால் அளவோடு இருக்கும்வரை கல்லீரலுக்குத் தொந்தரவு இல்லை. அளவு மீறினால், சி.ஒய்.பி. 2ஈ1 போன்ற நொதிகள் அதில் ஒரு பகுதியை நச்சாக மாற்றுகின்றன. அதை அடக்கும் குளுட்டாதயோன் தீர்ந்ததும் கல்லீரல் செல்கள் சாக ஆரம்பிக்கும். எலிகளுக்குக் கல்லீரல் கெடச் செய்ய ஆய்வகங்களில் கொடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடும் இந்த 2ஈ1 நொதியிடம் சிக்கிய பிறகுதான் கொடிய விஷமாகிறது.

பூண்டு கைவைப்பது இந்த நொதியில்தான். அதிலுள்ள டயாலில் சல்ஃபைடு நொதியைத் தடுப்பதால் நச்சு உருவாவதே குறைகிறது. எலி ஆய்வுகளில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற ரத்த நொதிகளின் அளவுகள் அவ்வளவாக ஏறாததற்கு இது முக்கியக் காரணம். ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் பூண்டைக் கொடுத்தது விஷத்துக்கு முன்பு, அல்லது விஷத்தோடு சேர்த்து. நிஜத்தில் யார் அப்படி நேரம் பார்த்துச் சாப்பிடுகிறார்கள்?

பாராசிட்டமால் நச்சுக்கு முறிவாகக் கொடுக்கும் என்-அசிட்டைல்சிஸ்டைன் இதற்கு நேர் எதிர். நச்சு உருவாகத் தொடங்கிய பிறகும் அது வேலை செய்யும், தீர்ந்துவரும் குளுட்டாதயோனை மறுபடி உண்டாக்கிக் கொடுக்கும். மாத்திரை உள்ளே போன 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் அநேகமாகத் தப்பிவிடும். மனிதர்களிடம் பல பத்தாண்டுகளாக நிரூபணமான மருந்து இது. வேடிக்கை என்னவென்றால், பூண்டிலுள்ள எஸ்-அலில் சிஸ்டைன் என்ற பொருளும் இதுவும் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் ஒரே குடும்பம்தான். அதற்காகப் பூண்டை மருந்தின் இடத்தில் வைத்துவிட முடியாது. மாத்திரை அளவு மீறிவிட்டதா? அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; முதல் நாளில் ஆள் நன்றாகவே இருப்பதுபோலத் தெரியலாம்.

சைலிமாரின் இரண்டுக்கும் நடுவில். மில்க் திஸ்டில் செடியின் விதையிலிருந்து வருவது. இதன் முக்கியக் கூறான சிலிபினினை, 'அமனிட்டா ஃபலாய்டஸ்' என்ற நச்சுக் காளானைத் தின்றவர்களுக்கு ஐரோப்பாவில் ஊசியாகப் போடுகிறார்கள். காளான் விஷம் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதை அது தடுக்கிறது. கடையில் விற்கும் சைலிமாரின் மாத்திரைக்கு அந்த ஊசியின் பெருமையைச் சேர்த்துச் சொல்வது விளம்பரம்.

சரி, சமையலில் பூண்டு? தாராளமாகச் சேர்க்கலாம். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு அடுப்பில் போடுங்கள். நசுக்கிய பூண்டில் அல்லிசின் என்ற கந்தகப் பொருளை உண்டாக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும், அதனால்தான் இந்தக் காத்திருப்பு. மருந்தென்று நினைத்துப் பச்சையாக அள்ளித் தின்பதுதான் வேண்டாம். மிக அதிக அளவில் பச்சைப் பூண்டு கொடுத்த எலிகளுக்குக் கல்லீரலே பாதிக்கப்பட்டது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் பூண்டு மாத்திரை எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், ரத்தக்கசிவு கூடலாம்.