பம்பை மாற்றச் சொன்னார்கள், கோளாறு எர்த் வயரில்

மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போன இந்த முறை, விடுமுறையில் பாதி நாள் அப்பாவின் பழைய பெட்ரோல் காரோடு போனது. சமதளத்தில் நன்றாக ஓடும். மேடு வந்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இழுவையே இல்லை, திணறும். முதலில் போன பட்டறையில் பிளக்கையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். பலன் இல்லை. அப்புறம் ஃப்யூயல் பம்பையே மாற்றவேண்டும் என்றார்கள். பிரஷரை அளந்தீர்களா என்று கேட்டேன், அளக்கவில்லை. அளக்காமல் ஒரு பாகத்தைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த பட்டறையில் இருந்த பெரியவர் முதலில் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டார். லைனில் பிரஷர் இருக்கும்போது கழற்றினால் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் பீய்ச்சும். பிறகு இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ஃப்யூயல் ரெயிலில், பிரஷரை அளக்கும் கேஜை மாட்டி, ஃபியூஸைத் திரும்பப் போட்டார். ஐடிலில் பிரஷர் 2.5 பார். பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு இன்ஜினின் உறிஞ்சுவிசையைக் (வேக்குவம்) கொண்டுவரும் குழாயை உருவியதும் முள் 3 பாருக்கு ஏறியது. குழாயில் பெட்ரோல் ஈரமும் இல்லை. "ரெகுலேட்டர் நல்லா இருக்கு தம்பி. வாங்க, ஓட்டிப் பார்ப்போம்" என்றார்.

கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே, நாங்கள் பார்க்கிற மாதிரி டேப் போட்டு ஒட்டினார். மேட்டில் ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தினேன். அப்போது வேக்குவம் குறைவதால் பிரஷர் 3 பார் பக்கம் ஏறவேண்டும். முள்ளோ 2-க்குக் கீழே சரிந்தது. வண்டி திணறியதும் அதே நொடியில்தான்.

ஃபில்டர் புதிது, அப்படியானால் பம்ப்தானே என்று நினைத்தேன். அவர் பின்சீட்டைத் தூக்கி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை வைத்தார். பேட்டரியில் 14 வோல்ட், பம்புக்கு வந்தது 10.5 தான். மீட்டரின் ஒரு முனையைப் பம்பின் எர்த்திலும் (கரண்ட் பாடி வழியாகத் திரும்புவதற்கான வயர்) மறுமுனையைப் பாடியிலும் வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அவ்வளவும் எர்த் இணைப்பிலேயே வீணாகிறது. கம்பளத்துக்கு அடியில் எர்த் போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. வோல்டேஜ் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுழலும். ஐடிலுக்கு அந்தப் பெட்ரோல் போதும், மேட்டுக்குப் போதாது.

போல்ட்டைச் சுரண்டி, வயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) போட்டு முடுக்கினார். கேஜைக் கழற்றாமலே மறுபடி அதே மேட்டுக்குப் போனோம். முள் 3-இல் அசையாமல் நின்றது. பம்ப் இன்னும் பழையதுதான்.