பழைய வால்வு அம்பிளிபயர்: கண்டென்சரை உயிர்ப்பிப்பதா, மாற்றுவதா?

யாழ்ப்பாணத்தில் கைக்கு வரும் பழைய கிற்றார் அம்பிளிபயர்களை வேறு ஊர்ப் பெட்டிகளைப் போல அணுக முடியாது. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது, கோவில் திருவிழாக்களில் இரவிரவாக ஒலித்த மெல்லிசைக் கோஷ்டிகளின், கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வுப் பெட்டிகள் பல வீட்டு மூலைகளில் ஒதுங்கின. நான் திறந்து பார்த்தவற்றில் அநேகமானவை பல ஆண்டுகள் ஒரு வோல்ற்றுக்கூட ஏறாமல், கடற்காற்றின் உப்பையும் மாரியின் ஈரத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டு கிடந்தவை. ஆகவே, பழைய கண்டென்சர்களை மெல்ல உயிர்ப்பிப்பதா, கழற்றிப் புதியவற்றைப் போடுவதா என்ற கேள்விக்குப் பிற நாட்டார் சொல்லும் விடை இங்கே அப்படியே பொருந்தாது.

பள்ளிக்கூடத்தில் மின்பகு கொள்ளளவி என்று படித்ததைத்தான் கடைத்தெருவில் கண்டென்சர் என்கிறோம். அதற்குள் அலுமினியத் தாளின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலமே மின்காப்பு. அழுத்தம் கிடைக்காமல் நெடுங்காலம் கிடந்தால் அந்தப் படலம் நலிந்துவிடும். அந்த நிலையில் திடீரென 300 அல்லது 400 வோல்ற்றைக் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் பெருகி, உள்ளே சூடேறி, சில வேளைகளில் கண்டென்சர் வெடித்துப் போகும். உயிர்ப்பித்தல் என்பது 100 கிலோ ஓம் தடையி ஒன்றின் ஊடாக அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, பல மணி நேரம் பொறுத்திருந்து, அந்தப் படலத்தை மீண்டும் வளரவிடுவதாகும். தடையியின் இரு முனைகளுக்கும் இடையே 10 வோல்ற்று நின்றால் கசிவு 0.1 மில்லி அம்பியர். அது குறைந்துகொண்டே வந்தால் படலம் தேறுகிறது என்று பொருள்.

இந்த முறையின் சிறப்பு, பெட்டியின் மூலப் பாகம் எதுவும் குலையாமல் இருப்பதாகும். வேரியக்கை, அதாவது அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நிலைமாற்றியை, சுவர் மின்னுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்து மெல்லத் திருப்பினால் போதும் என்று பலர் நம்புவது மட்டும் தவறு. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் ஜிஇசட்34 போன்ற வால்வு சீராக்கி, தன் இழை போதிய அளவு சூடாகும் வரை மின்னைக் கடத்தாது. குறைந்த அழுத்தத்தில் கண்டென்சருக்கு எதுவும் போய்ச் சேராமல், பின்னர் ஒரே பாய்ச்சலாகப் போய்ச் சேரும். சீராக்கி வால்வைக் கழற்றிவிட்டுத் தனி மின்வழங்கியால் உயிர்ப்பிப்பதே முறையானது.

ஆனால், படலத்தை வளர்க்கலாமே தவிர, உலர்ந்துபோன மின்பகுபொருளை எந்தத் தடையியாலும் திரும்ப ஊற்ற முடியாது. எங்கள் வெக்கையில் அரை நூற்றாண்டைக் கழித்த கண்டென்சரில் எஞ்சியிருக்கும் ஈரம் சொற்பம். இதை நான் பட்டுத்தான் படித்தேன். முன்பொரு முறை, கசிவு நன்றாக இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து, உயிர்ப்பித்த கண்டென்சர்களுடனேயே ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து, திருவிழா மேடையில், இரண்டாவது பாட்டின் நடுவில் அடித்தொனியில் ஓர் இரைச்சல் எழும்பி, பாட்டு முடிவதற்குள் உருகியும் (ஃபியூஸ்) எரிந்துபோய்விட்டது. வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை கிற்றாரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதில் நிற்கிறது.

அன்றிலிருந்து மின்வழங்கிப் பகுதியின் மின்பகு கண்டென்சர்களை மாற்றுவதே என் முடிவு. தொலைக்காட்சி, கணினிப் பழுதுபார்ப்போருக்காக 450 வோல்ற்று, 22 மைக்ரோ பரட் அளவுகள் சந்தையில் தாராளமாகக் கிடைப்பதால் பொருளுக்கும் தட்டுப்பாடு இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும் என்று எண்ணி, சீராக்கிக்கு அடுத்து வரும் முதற் கண்டென்சரின் அளவை மனம்போனபடி கூட்டக்கூடாது. ஜிஇசட்34 வால்வு 60 மைக்ரோ பரட் வரைதான் தாங்கும், 5வை3 என்ற சீராக்கி வால்வுக்கோ 20 தான் எல்லை.

மாற்றுவோரிடமும் இரண்டு கட்சிகள் உண்டு. திறந்த கையோடு எல்லாக் கண்டென்சர்களையும் தடையிகளையும் வெட்டி எறிவோர் ஒரு கட்சி. அளந்து பார்த்துப் பழுதானதை மட்டும் எடுப்போர் மறு கட்சி. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். 1960களின் மார்ஷல் பெட்டிகளில் காணப்படும் கடுகு மஞ்சள் நிறமான முல்லார்ட் இணைப்புக் கண்டென்சர்கள் (ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலிக்குறியை மட்டும் கடத்துபவை) பெரும்பாலும் இன்றும் பழுதின்றி இருக்கின்றன. அவற்றைப் பிடுங்குவது பெட்டிக்குச் செய்யும் தீங்கு. மெழுகிட்ட காகிதக் கண்டென்சர்களின் கதை வேறு. ஈரம் குடித்த அவை நேரோட்டத்தைக் கசியவிட்டு, ஒலிபெருக்கியை இயக்கும் வலு வால்வின் நெய்யரியில், அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையில், நிற்க வேண்டிய அழுத்தத்தைக் கெடுத்து, அதன் தகட்டைச் செந்தணலாக்கிவிடும். வலு வால்வைக் கழற்றிவிட்டு, அதன் நெய்யரி முனையில் நேர் அழுத்தம் நிற்கிறதா என்று அளந்தால் உண்மை வெளிப்படும். காபன் தடையிகளும் ஈரத்தால் பெறுமானம் ஏறும். 100 கிலோ ஓம் 130 ஆகியிருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

மூன்றாவது வழியும் உண்டு: பழைய அலுமினியக் குவளையைக் குடைந்து, புதிய கண்டென்சரை அதற்குள் ஒளித்து வைப்பது. அழகான வேலைதான், பொறுமையுள்ளவர்கள் செய்யலாம்.

அளந்து பார்த்து மாற்றுவதை நான் வலியுறுத்துவதற்குச் செலவைவிடப் பெரிய காரணம், பெட்டி எப்போது செய்யப்பட்டது என்பதற்கான சாட்சிகள் பாகங்களின் மேல்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்பதாகும். பலர் தொடர் எண்ணைத் தேடுகிறார்கள். ஃபெண்டர் தொழிற்சாலையில் சசிகளுக்கு, அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டங்களுக்கு, மொத்தமாக எண் குத்தி அடுக்கி வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தினார்கள். ஆகவே அந்த எண் கிட்டத்தட்டத்தான் சொல்லும். நிலைமாற்றியில் 606423 என்றிருந்தால் 606 சூமாக்கர் நிறுவனத்தையும், 4 ஆண்டின் கடைசி இலக்கத்தையும், 23 கிழமையையும் குறிக்கும். அந்த 4 என்பது 1954 ஆ 1964 ஆ என்பதைப் பெட்டியின் தோற்றத்தைக் கொண்டு தீர்மானிக்கலாம். அக்காலத்து ஃபெண்டரின் வால்வு அட்டவணைத் தாளில் குத்திய இரண்டு எழுத்துகளில் முதலாவது ஆண்டு, ஏ என்றால் 1951; இரண்டாவது மாதம். என்‑ஈ என்றிருந்தால் 1964 மே. முல்லார்ட் வால்வின் கண்ணாடி அடியில் சாம்பல் நிறத்தில் பி4ஏ3 என்றிருந்தால் பிளக்பேண் தொழிற்சாலை, 1964, ஜனவரி, மூன்றாம் கிழமை. வால்வு மாற்றப்படக்கூடியது என்பதால் அதன் சாட்சிக்கு மதிப்புக் குறைவு; நிலைமாற்றி, ஒலியளவுத் தடையி, ஒலிபெருக்கி மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம்.

அண்மையில் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து பெயர்ப்பலகை விழுந்த பிரித்தானியப் பெட்டி ஒன்று வந்தது. கொண்டுவந்த அண்ணர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, இது ஐயாவின்ரை சாமான். பாட வைச்சால் காணும், ஒண்டையும் எறிஞ்சு போடாதை.” சசியைக் கவிழ்த்தபோது இரட்டைக் கண்டென்சரின் அடியில் வெண்மையான பொருக்கு கசிந்து உறைந்திருந்தது. விரலால் தொட்டால் உப்பளத்து ஓரம்போலப் பொரிந்து உதிர்ந்தது. உயிர்ப்பிக்கும் பேச்சுக்கே இடமில்லை. பாகங்களின் குறிகளை எல்லாம் முதலில் படம் பிடித்துக் குறித்துக்கொண்டேன். புதிய கண்டென்சர்களைச் சசிக்கு அடியில் பற்றாசு வைத்து, பழைய குவளையின் இணைப்பை மட்டும் வெட்டிவிட்டு அதை இருந்த இடத்திலேயே விட்டேன். பின்னர், மின்னோட்டம் மிகாமல் தடுக்க 100 வாற்று இழைக்குமிழைத் தொடரில் வைத்து, ஒலிபெருக்கியைக் கழற்றாமல், மின் கொடுத்துப் பார்த்தேன். குறிகளை எழுதிய தாளை மடித்துப் பெட்டியின் உட்பலகையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.