ஃபேன்கன்ட்ரோல்: பழைய ஸ்கிரிப்ட்தான், ஆனால் வேலை செய்கிறது

சும்மா இருக்கும்போதே உங்கள் டெஸ்க்டாப் மிக்ஸி மாதிரி கத்துகிறதா? முதலில் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். மூன்று பின் ஃபேனைச் செருகிவிட்டு போர்டில் அந்த இடத்தை பிடபிள்யூஎம் மோடில் (மின் துடிப்பால் வேகத்தை மாற்றும் முறை) விட்டிருந்தால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும், டிசி மோடுக்கு (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) மாற்றினால் அங்கேயே கதை முடிந்தது. அதிலும் சரியாகாத லினக்ஸ்காரர்களுக்குத்தான் சூட்டைப் பார்த்து ஃபேன் வேகத்தை மாற்றும் ஃபேன்கன்ட்ரோல்.

பட்டன், வரைபடம் எதுவும் கிடையாது, வெறும் பாஷ் ஸ்கிரிப்ட். டெபியன், உபுண்டுவில் இதே பெயரில் பேக்கேஜ் இருக்கிறது. சென்சார் சிப்களைத் தேடும் சென்சார்ஸ்-டிடெக்ட் கட்டளையை ஓட்டிய பிறகு, கான்ஃபிக் கோப்பை எழுதித்தரும் பிடபிள்யூஎம்கான்ஃபிக் ஓட்ட வேண்டும், அது ஃபேன்களை ஒவ்வொன்றாகச் சில வினாடி நிறுத்திப் பார்த்து எந்தக் கட்டுப்பாடு எந்த ஃபேனுக்கு என்று கண்டுபிடிக்கும். அந்த நேரத்தில் பிராசசருக்குப் பெரிய வேலை எதுவும் கொடுத்துவைக்காதீர்கள். கட்டுப்படுத்தக்கூடிய ஃபேனே இல்லை என்று அது கைவிரித்தால் ஸ்கிரிப்டைத் திட்டிப் பயனில்லை, பெரும்பாலும் கெர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) அந்தச் சிப்புக்கான டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம். என் போர்டில் ஃபேனைக் கவனிப்பது நுவோட்டான் சிப், அதன் டிரைவரான என்சிடி6775 மாட்யூலை ஏற்றியதும் எல்லா ஃபேனும் தெரிந்தன. மவுசால் கோடு இழுத்து வேகம் வைக்கும் கூலர்கன்ட்ரோல் பார்க்க அழகுதான், ஆனால் அதற்கும் அடியில் இதே டிரைவர்தான் வேண்டும்.

வேக மதிப்பு 0 முதல் 255 வரை. நின்ற ஃபேனைக் கிளப்ப ஒரு மதிப்பு, ஓடுகிற ஃபேன் நிற்காமலிருக்க அதைவிடக் குறைந்த இன்னொரு மதிப்பு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. இதில் அவசரப்படாதீர்கள். முதல் மதிப்பைக் குறைத்து வைத்தால் ஃபேன் துடித்துத் துடித்து நிற்குமே தவிர சுற்றாது. நான் 40 டிகிரியில் தொடங்கி 70-இல் முழு வேகம் என்று வைத்திருக்கிறேன், தட்டச்சு செய்யும்போது ஃபேன் இருப்பதே தெரிவதில்லை.

எரிச்சல் ஒன்று உண்டு. ரீபூட்டுக்குப் பிறகு, சென்சார் சிப்புக்குக் கெர்னல் கொடுக்கும் பெயர் எச்டபிள்யூமான்2 என்றிருந்தது எச்டபிள்யூமான்3 ஆகிவிட்டால், கான்ஃபிக் பழையது என்று சொல்லிக் கிளம்பவே மறுத்துவிடும். தவறான ஃபேனைப் பிடித்து ஆட்டாமல் நிற்கிறதே என்று பார்த்தால் அதுவும் சரிதான், ஆனால் மறுபடி பிடபிள்யூஎம்கான்ஃபிக் ஓட்டும் வேலை நம் தலையில்.

திங்க்பேட் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிட்டு, இதே வேலையைச் செய்யும் திங்க்ஃபேன் பக்கம் போங்கள். மற்றவர்கள் தாராளமாகப் போடலாம், ஆனால் நிறுத்தும்போது முறையாக நிறுத்துங்கள்: கில் -9 அடித்து வலுக்கட்டாயமாக நிறுத்தினால் ஃபேனைப் பழைய நிலைக்குத் திருப்ப அதற்கு வாய்ப்பே கிடைக்காது, கடைசியாக இருந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், சூடு எவ்வளவு ஏறினாலும்.